அப்பாவின் ரைபிளும் மொட்டைமாடிக் கதவும்

கேள்வி: ஐயா, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் சொந்த வீட்டில் வசிக்கிறோம். ரைபிள் கிளப் உறுப்பினராக இருந்த என் அப்பா எட்டு மாதங்களுக்கு முன் காலமானார். அவருடைய .22 ரைபிளும் ஒரு டப்பா தோட்டாவும் பீரோவில் அப்படியே இருக்கின்றன. லைசென்ஸ் அப்பா பெயரில் இருக்கிறது. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, பாதி நாள் இரவு ஷிப்ட். வீட்டில் நானும் அம்மாவும் ஒன்பது வயது மகனும்தான். சென்ற மாதம் அடுத்த தெருவில் மொட்டைமாடி வழியாக இறங்கித் திருடியிருக்கிறார்கள். டெக்சாஸில் இருக்கும் தம்பி, "இங்கே நிறையப் பேர் வீட்டுக் காவலுக்கு .22தான் வைத்திருக்கிறார்கள், அப்பாவுடையதைத் துடைத்து எண்ணெய் போட்டு வை" என்கிறான். கணவரோ, "அது குருவி சுடும் துப்பாக்கி, ஆபத்து நேரத்தில் வெடிக்காது" என்கிறார். யார் சொல்வது சரி? அந்த ரைபிளை நம்பலாமா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில் அளிப்பவர்: காவல்துறை ஆயுதப்படையில் ஆர்மரராக (ஆயுதங்களைப் பராமரித்துப் பழுது பார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்ற துப்பாக்கிச் சுடுதல் பயிற்சியாளர்.

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கணவர் சொல்வதிலும் கொஞ்சம் இருக்கிறது. எது எவ்வளவு என்று விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று: அந்த எட்டு மாதக் கணக்கு.

உரிமம் அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது. அவரோடு அது முடிந்துவிட்டது. அன்று முதல் உங்கள் பீரோவில் இருப்பது, சட்டத்தின் பார்வையில், உரிமமில்லாத துப்பாக்கி. வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. ஒப்படைக்காமல் வைத்திருந்தால் 25ஆவது பிரிவு குறுக்கே வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. துக்கம் நடந்த வீட்டில் இதெல்லாம் யாருக்கும் நினைவுக்கு வராது என்பது எனக்குத் தெரியும். தானாக வந்து ஒப்படைப்பவரையும் சோதனையில் அகப்பட்டவரையும் அதிகாரிகள் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சலுகைப் பார்வை, நீங்களாகப் போய் நின்றால்தான் கிடைக்கும்.

ஆகவே இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி ஒரு விளக்கக் கடிதம் எழுதி வாங்குங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அசல் உரிமப் புத்தகம் இரண்டையும் எடுத்து வையுங்கள். உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்கு முதலில் போன் செய்து, ரைபிளை எப்படிக் கொண்டுவருவது அல்லது அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். ஒப்படைத்ததும் ரசீது வாங்குங்கள். அதில் ரைபிளின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். எண்ணிக்கை இல்லாத ரசீது பாதி ரசீது. அதுவரை பீரோ பூட்டியே இருக்கட்டும், சாவி மகன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். துடைக்கவும் வேண்டாம், எண்ணெய் போடவும் வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி.

கணவர் "குருவி சுடும் துப்பாக்கி" என்று சொன்னதை நான் ஏற்கமாட்டேன். .22 என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் எண். இதில் போடும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவில் பிறந்தது. இன்றுவரை உலகத்தில் இதைப்போல் ஓயாமல் சுடப்படும் தோட்டா வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். நம் ஊர்ப் பிள்ளைகள் என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்துச் சுட்டுப் பழகுவது இதைத்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றதும் இதே .22 தோட்டாவில்தான். அந்தப் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதை 50 மீட்டர் தொலைவிலிருந்து திரும்பத் திரும்பத் துளைக்கிற கருவியை விளையாட்டுச் சாமான் என்று சொல்ல முடியாது. தடை இல்லாவிட்டால் இதன் குண்டு ஒரு மைலுக்கும் அப்பால் போய் விழும். விழும் இடத்தில் ஆளைக் காயப்படுத்தும்.

துப்பாக்கி என்ற அளவில் உங்கள் அப்பாவின் ரைபிள், அவர் கிளப்பில் பழகியவர் என்பதால், அனேகமாக ஒழுங்காகவே பராமரிக்கப்பட்டிருக்கும். கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வகையாக இருந்தால் அதில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. ஐம்பது வருடப் பழைய ரைபிள்கள் இன்றும் மைதானத்தில் நன்றாக உழைக்கின்றன. சந்தேகம் முழுவதும் தோட்டாவின் மேல்தான்.

பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஒரு சிறு வட்டம் தெரியும். தீப்பொறி கிளப்பும் மருந்து அந்தத் தனிக் குப்பிக்குள் இருக்கிறது. விசையை இழுத்ததும் பாயும் ஃபயரிங் பின் என்ற ஊசி அந்த நடுவில் குத்துகிறது. .22இல் அப்படித் தனிக் குப்பி கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பே மடித்த குழாய் போல் உள்ளீடற்று இருக்கும். பொறிமருந்தை ஈரமாக அதற்குள் இட்டு, கூட்டை வேகமாகச் சுழற்றி, ஆப்பச் சட்டியைச் சுழற்றி மாவை ஓரத்துக்கு அனுப்புவது போல விளிம்பெங்கும் பரவச் செய்கிறார்கள். எங்காவது ஒரு மூலையில் மருந்து போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபயரிங் பின் சரியாக அந்த இடத்தில் அடித்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். அதே தோட்டாவை எடுத்துச் சற்றுத் திருப்பிப் போட்டால் வெடித்தாலும் வெடிக்கும். மைதானத்தில் நாங்கள் அப்படிச் செய்வது உண்டு. முதலில் குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருப்போம், தாமதித்து வெடிக்கும் ஆபத்து இருப்பதால். இருட்டில், நெஞ்சு படபடக்க, ஆள் எதிரில் நிற்கும்போது அரை நிமிடம் யாரிடம் இருக்கிறது?

விளிம்பு நசுங்கினால்தான் பொறி கிளம்பும் என்பதால் அந்தப் பித்தளையை மெல்லியதாகவே செய்தாக வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தம் தாங்காது, ஆகவே குண்டைத் தள்ள உள்ளே போடும் வெடிமருந்தும் குறைவு. இதன் எளிமைக்கும் மலிவுக்கும் காரணமான அதே அமைப்புதான் இதன் பலவீனத்துக்கும் காரணம். இன்னொன்றும் உண்டு. .22இன் ஈயக் குண்டு, கூட்டின் வாயில் மேலோட்டமாகத்தான் பிடித்திருக்கும். மேலே மெழுகோ கொழுப்போ தடவியிருப்பார்கள். நாள்பட்டால் அந்த மெழுகில் தூசி ஒட்டும். வாய் வழியாக ஈரக்காற்று நுழையும். தம்பி சொன்னபடி எண்ணெய் போடப் போய் ஒரு சொட்டு அந்த இடுக்கில் இறங்கினால் மருந்து கெட்டது.

உங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கம் இரும்பு ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் என்ன ஆகிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த உப்புக் காற்றில், எப்போது வாங்கியது என்று தெரியாத டப்பாவில் கிடக்கும் தோட்டாக்களை நான் பயிற்சிக்குக்கூடப் பிள்ளைகளிடம் கொடுக்கமாட்டேன். ஈயத்தின் மேல் வெள்ளைப் பூப்பு, பித்தளையில் பச்சை, இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள். உள்ளே போன ஈரம் கண்ணுக்குத் தெரியாது. ஒப்படைக்கும் வரை அவற்றைக் கிளறிப் பார்க்க வேண்டாம். குப்பைத் தொட்டியில் போடுவதோ கடலில் வீசுவதோ கூடவே கூடாது. உரிமப் புத்தகத்தில் அவற்றுக்குக் கணக்கு உண்டு.

தம்பிக்கு வருகிறேன். அவன் சொல்வது கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவில் இந்த விவாதம் ஓயாமல் நடக்கிறது. அங்கே 1964 முதல் விற்பனையில் இருக்கும் ரூகர் 10/22 என்ற ரைபிள் பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசினோடு (தோட்டாப் பெட்டியோடு) வருகிறது. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். பின்னுதைப்பு இல்லை என்றே சொல்லலாம். மூட்டுவலி உள்ள முதியவர்கூடச் சுட முடியும். தோட்டா மலிவு, ஆகவே நிறையப் பழக முடியும். பெரிய துப்பாக்கியைக் கண்டு பயப்படுகிறவர் கையில் நன்றாகப் பழகிய .22 இருப்பது மேல் என்பது அவர்கள் வாதம். அவர்கள் நிலையில் நின்று பார்த்தால் அதில் நியாயம் உண்டு. புதுத் தோட்டாவாக, நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கி, தன் ரைபிளில் எது தடுமாறாமல் ஓடுகிறது என்று சோதித்துப் பார்த்து வைத்துக்கொள்பவருக்கு .22 பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனாலும் அங்கேயே அனுபவசாலிகள் இதை முதல் தேர்வாகச் சொல்வதில்லை. விளிம்பு வைத்த தோட்டாக்கள் மேகசினுக்குள் ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் மாட்டிக்கொள்ளும். பலம் குறைந்த தோட்டா, காலிக் கூட்டை முழுதாக வெளியே தள்ளாமல் பாதியில் நிறுத்திவிடும்.

வெடித்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். குண்டின் எடை சுமார் 2.6 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 140 முதல் 190 ஜூல் வரை. காவல்துறைப் பிஸ்டலின் 9 மி.மீ. குண்டு 500 ஜூலை ஒட்டி இருக்கும். இந்த வேறுபாட்டின் பொருள், .22 ஆபத்தில்லாதது என்பதல்ல. உடலுக்குள் போனால் உயிரை வாங்கும். ஆனால் வருகிறவனை அந்த நொடியில் நிறுத்தும் என்று சொல்ல முடியாது. குடிபோதையிலோ வெறியிலோ வருகிறவனுக்குக் குண்டு பட்டதே உறைக்காமல் போகலாம். அவன் உங்கள் மீது பாய்ந்து, செய்ய வந்ததைச் செய்து முடித்து, பிறகு ஸ்டான்லி மருத்துவமனையில் இறந்துபோவான். தற்காப்பும் கிடைக்காது, ஓர் உயிர் போன வழக்கும் மிஞ்சும். இதைவிட மோசமான விளைவு எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டையும் கொஞ்சம் மனத்தில் வைத்துப் பாருங்கள். வண்ணாரப்பேட்டைச் சந்து வீடுகளில் என் சுவரும் உன் சுவரும் ஒன்றுதான். பத்தடி அறை, அதற்குள் கட்டில், பீரோ, தையல் மெஷின். ரைபிளோ ஒரு மீட்டர் நீளம். கதவருகில் திரும்பினால் குழல் நிலையில் இடிக்கும். அல்லது எதிரில் இருப்பவன் கையில் அதன் நுனி சிக்கும். செங்கல் சுவரில் சாய்வாகப் பட்ட ஈயக் குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று நான் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஜன்னல் வழியாக வெளியே போனால் எதிர்வீட்டுத் திண்ணையில் காற்றுக்காகப் படுத்திருக்கும் பெரியவர் இருக்கிறார். மொட்டைமாடியை நோக்கிச் சுட்டால், அது அண்ணாந்து சுட்ட குண்டு. தண்டையார்பேட்டையில் எந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் போய் இறங்கும் என்பது தெரியாது.

ஒன்பது வயதுப் பையன் இருக்கும் வீட்டில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள் என்று வைத்தால் பையன் தப்பித்தான், ஆனால் நள்ளிரவில் அது உங்களுக்கு உதவாது. நிரப்பித் தயாராக வைத்தால் திருடன் என்றோ ஒருநாள் வருவான், பையன் தினமும் வீட்டில் இருக்கிறான். இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அந்த வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பது.

சட்டத்துக்கும் இந்த ரைபிளைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவில், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உட்பக்கம் வழவழப்பான துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது "பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ" என்று வருகிறது. .22 ரைபிளைப் பற்றிப் பேசும்போது, அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினரின் இலக்குப் பயிற்சிக்கு என்று வருகிறது. சட்டம் எழுதியவர்கள் எது எதற்கு என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். அப்பாவின் உரிமமும் அனேகமாக இலக்குப் பயிற்சிக்கானதாகவே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

"தற்காப்புக்குச் சுடலாம் என்று சட்டமே சொல்கிறதே" என்று அடுத்து ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைப் பற்றியவை. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன், வீட்டை உடைத்து நுழைகிறவனுக்கு எதிரான தற்காப்பு உயிரிழப்பு வரைகூடப் போகலாம் என்கிறது 41ஆவது பிரிவு. இதை மட்டும் படித்துவிட்டுத் தைரியம் கொள்கிறவர்கள் அதற்கு முன்னால் 37ஆவது பிரிவு இருப்பதைப் பார்ப்பதில்லை. தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக்கூடாது, காவல்துறையை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்பது அங்கே இருக்கிறது. செல்போனைத் தூக்கிக்கொண்டு மாடிச் சுவர் ஏறி ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. சுட்டது தற்காப்பு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டாலும், உரிமமில்லாத துப்பாக்கி உங்களிடம் ஏன் இருந்தது என்ற கேள்வி தனியாக நிற்கும். டெக்சாஸ் சட்டம் டெக்சாஸோடு சரி, சகோதரி.

இப்போது திருடன். அடுத்த தெருவில் அவன் மாடி வழியாக இறங்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் ஒரு மாடியில் ஏறினால் வரிசையாகப் பத்து மாடி நடந்து போகலாம். பெரும்பாலான வீடுகளில் வாசலுக்குத் தேக்குக் கதவும் கிரில் கேட்டும் போட்டுவிட்டு, மாடிப்படி முடிகிற இடத்தில் மழையில் ஊறிய பலகைக் கதவை, ஒற்றைத் தாழ்ப்பாளோடு விட்டுவைக்கிறார்கள். முதல் செலவு அங்கே. இரும்புச் சட்டமிட்ட கதவு, உள்பக்கம் மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள், படிக்கட்டின் தலையில் ஒரு கிரில். உப்புக் காற்றுக்குத் தாங்கும் பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். கீல்கள் வெளிப்பக்கம் இருந்தால் அவற்றை மாற்றச் சொல்லுங்கள். ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கு ஒன்றை மாடியில் மாட்டலாம். வெளிச்சம் பட்டால் திருடன் அடுத்த மாடிக்குப் போய்விடுவான். (அடுத்த வீட்டுக்காரரையும் ஒன்று மாட்டச் சொல்லுங்கள், பாவம்.) கோடையில் காற்றுக்காக மாடிக் கதவைத் திறந்து போட்டுத் தூங்கும் பழக்கம் இருந்தால், கிரில்லைப் பூட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கலாம்.

இரவில் சத்தம் கேட்டால் போய்ப் பார்க்க வேண்டாம். மூவரும் ஒரே அறைக்குள் போய், உட்பக்கம் தாழிட்டு, 112ஐ அழையுங்கள். அந்த அறைக் கதவு வலுவானதாக இருக்கட்டும், ஒரு செல்போன் எப்போதும் அங்கேயே சார்ஜில் இருக்கட்டும். விளக்கைப் போட்டுச் சத்தம் போடுங்கள். வடசென்னையில் ஒரு வீட்டில் கூச்சல் கேட்டால் சந்தே எழுந்து வந்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் டெக்சாஸைவிட நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். குடும்பத்தோடு வெளியூர் போகிற நாட்களில் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்துக்காரர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவின் ரைபிளை நிரந்தரமாக இழந்துவிட வேண்டும் என்பதில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆவது விதி, உரிமதாரர் இறந்த பின் அவருடைய வாரிசு விண்ணப்பிக்க இடம் தருகிறது. சென்னையில் உரிமம் தரும் அதிகாரி மாநகரக் காவல் ஆணையர். வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தம்பியும் ஆட்சேபம் இல்லை என்று தரும் கடிதம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, காவல்துறை விசாரணை எல்லாம் தேவைப்படும். மாதக்கணக்கில் இழுக்கும். கிடைத்தால் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் அலைச்சலும் உண்டு. உங்களுக்குச் சுடுவதில் உண்மையாகவே விருப்பம் இருந்து, கிளப்பில் சேர்ந்து, அப்பாவைப் போல இலக்கைப் பார்த்துச் சுடப் போகிறீர்கள் என்றால் அந்த அலைச்சல் வீண் போகாது. அப்படியில்லையென்றால் உரிமம் பெற்ற வணிகர் மூலம் கிளப்பில் இருக்கும் யாருக்காவது முறைப்படி விற்றுவிடலாம். ஒப்படைத்த ஆயுதத்தைத் திரும்பப் பெறவோ விற்கவோ காலக்கெடு உண்டு, தவறினால் அரசுக்குப் போய்விடும். ஆகவே வழக்கறிஞரிடம் போகும் அன்றே இரண்டில் எது என்பதையும் அம்மாவோடு பேசி முடிவு செய்துகொண்டு போங்கள்.